கேட்டுக் கட்டிய சுவர்

வீட்டை இடித்துப் பெரிதாக்க நினைப்பவர்கள் என்னிடம் யோசனை கேட்க வருவது உண்டு. வேலையை ஒப்பந்தம் எடுக்கும் கொந்தரப்புக்காரனைப் பேசி முடித்து, நாள் பார்த்து, கல்லும் மணலும் வாசலில் கொட்டிய பிறகுதான் வருவார்கள். "ஆள் எப்படிங்க?" என்று அப்போது கேட்பார்கள். தாலி கட்டி முடித்துவிட்டு மாப்பிள்ளை எப்படி என்று விசாரிப்பது போலத்தான். நல்ல ஆள்தான் என்று சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவேன். வேறு எதைச் சொன்னாலும் அவர்களுக்குத் தூக்கம் கெடும், எனக்குப் பகை மிஞ்சும்.

போன மாதம், யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் என் வீட்டைத் தேடிக்கொண்டு ஓர் இளைஞர் வந்தார். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரப்பர் தோட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கும் கட்டட ஓவர்சியர். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களை மறுபடியும் திருத்தப் போகிறார்களாம். பள்ளத்தில் இருக்கும் பணிய லயத்தை அளந்து பார்த்திருக்கிறார். குடும்பத்துக்கு ஒன்றாக வரிசையாக இருக்கும் காம்பராக்கள் எல்லாம் ஒரே அளவு. கடைசிக் காம்பரா மட்டும் ஒன்றரை முழம் அதிக நீளம். அதன் கடைசிச் சுவரில், வேறெந்தக் காம்பராவிலும் இல்லாத விளக்கு மாடம் ஒன்றும் இருக்கிறது.

"இது உங்க காலத்து வேலைன்னு சொன்னாங்க ஐயா. அளவு எடுக்கிறப்போ எங்கேயாவது பிசகிடுச்சுங்களா?" என்றார்.

மரியாதையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்தது. என் அளவில் பிசகு என்று தோட்டத்தை நடத்தும் துரைமாரே சொன்னதில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். காகிதத்தையும் சுவரையும் மட்டும் பார்க்கிறவருக்கு அது பிசகாகத்தான் தெரியும். அவருக்கு அன்று வாயால் சொன்னதை இப்போது எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதை நீளமானதல்ல. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எழுத்தும் கணக்கும் படித்தேன். ரப்பர்க் கன்று நட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் பாலை ரப்பராக்கும் ஸ்டோர் கட்ட வந்த கொத்தனார்களோடு சாந்து குழைத்தேன். தூக்குக்குண்டு பிடிக்கத் தெரிந்தவனாகவும் கூலிக் கணக்கு எழுதத் தெரிந்தவனாகவும் ஒரே ஆள் கிடைத்ததால், கட்டட வேலைக் கணக்கப்பிள்ளை என்று ஒரு பெயரைக் கொடுத்து என்னை வைத்துக்கொண்டார்கள். கட்டுவது என் வேலையல்ல. எங்கே என்ன கட்ட வேண்டும் என்று பார்ப்பதும், அதற்கு ஆளைத் தேர்ந்து துரையிடம் சொல்வதும், அந்த ஆளின் முதுகுக்குப் பின்னால் நிற்பதும்தான் என் வேலை.

ஆளைத் தேர்வதற்கு எனக்கு ஒரு முறை இருந்தது. கொந்தரப்புக்காரர் கடைசியாகக் கட்டிய வீட்டை நான் பார்க்க மாட்டேன். புது வீடு யார் கட்டினாலும் அழகுதான். சில மழைக்காலம் கண்ட வீடாகப் பார்த்து, முன்வாசலை விட்டுவிட்டு நேரே பின்பக்கம் போவேன். சமையல் செய்யும் குசினிச் சுவரின் அடியில் பாசி எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது, கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் மண் குழிந்திருக்கிறதா, வடிகாலான கானில் தண்ணீர் ஓடுகிறதா, தேங்கி நிற்கிறதா என்று பார்ப்பேன். ஒரு வாளி தண்ணீர் கேட்டு வாங்கித் தரையில் ஊற்றுவேன். தண்ணீர் வாசலைப் பார்த்துப் போனால் சரி. சுவரைப் பார்த்துப் போனால், அந்தக் கொத்தனாரின் ரசமட்டம் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்று அர்த்தம். விசாரிப்பதும் வீட்டுக்காரரிடம் அல்ல. ஆளைத் தேர்ந்தவர் அவர். தன் தேர்வை விட்டுக்கொடுக்க மாட்டார். வீட்டுக்கார அம்மாவிடம் கேட்க வேண்டும். ஒழுகும் இடத்தில் பானை வைப்பவர் அவர்தானே.

இதற்கு மேல் ஒரு முறையை எங்கள் பெரிய துரையிடம் கற்றேன். மெலிந்த உயரமான மனிதர். தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் குறைவாகப் பேசுவார். எந்த விஷயத்தையும் ஒரே நாளில் முடிவு செய்ய மாட்டார். ஸ்டோர்ப் படியில் நின்று, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நாம் சொல்வதை முழுக்கக் கேட்பார். "நாளைக்கு இதே கேள்வி கேப்பேன்" என்பார். மறுநாள் அதே படி, அதே கேள்வி. நேற்றுச் சொன்னதும் இன்று சொல்வதும் ஒன்றாக இருந்தால் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துவிடுவார். அதுதான் சம்மதம். பதில் மாறினால் தொப்பி கக்கத்திலேயே இருக்கும். அவர் கத்தியதை நான் கேட்டதில்லை. இதற்குக் கத்தியிருக்கலாமே என்று தோன்றும்படி சும்மா நிற்பார். நாளாக ஆக, கொந்தரப்புக்காரர்களிடம் நானும் அதையே செய்யத் தொடங்கினேன். ஒரு கேள்வியை ஒரு வாரம் விட்டு மறுபடியும் கேட்பேன். எத்தனையோ பேருடைய சாயம் அதிலேயே வெளுத்துவிடும்.

பெரிய யுத்தம் முடிந்து சில வருஷம் இருக்கும். அரசாங்க டாக்டர் ஒருவர் வந்து எங்கள் லயங்களைப் பார்த்தார். காம்பராக்களுக்கு நடுவே இருந்த சுவர்கள் கூரைவரை போகாமல் பாதியில் நின்றிருந்த காலம் அது. ஒரு வீட்டுப் புகையும் இருமலும் அடுத்த வீட்டுக்குப் போகும். சுவர்களைக் கூரைவரை உயர்த்த வேண்டும், வீட்டுக்கு ஒரு ஜன்னல் வைக்க வேண்டும், அடுப்பைப் பின்பக்கம் ஒரு குசினி இறக்கி அங்கே கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பணிய லயத்தின் கடைசிச் சுவரைக் காட்டி, இது இன்னொரு மழைக்குத் தாங்காது என்றும் சொன்னார். அதை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிய சுவர் அது. கான் இல்லாமல் கூரைத் தண்ணீர் அடியிலேயே விழுந்து, அடிமண் கரைந்து, சுவர் வெளிப்பக்கமாகச் சரிந்திருந்தது. அது விழுந்தால் கூரை மரங்களும் கூடவே வரும்.

"மழைக்கு முன்னால முடி" என்றார் துரை.

அந்தக் கடைசிக் காம்பராவில் இருந்தவர்கள் ராமையாவும் அவர் மனைவி பாக்கியமும். இரண்டு பேரும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள். நான் அளவு நாடாவோடு போனபோது ராமையா முன் தாழ்வாரமான இஸ்தோப்பில் வந்து வழி மறித்து நின்றார். சாதுவான மனிதர்.

"கணக்கப்புள்ள ஐயா, நீங்க எங்க வேணும்னாலும் இடிங்க. எங்க காம்பராவுல இடிக்கிற அலவாங்கு படக்கூடாது. அவ ஏழு மாசமுங்க."

வீட்டில் ஒருத்தி உண்டாகியிருந்தால் சுவரை இடிக்கக் கூடாது, புதிதாக எழுப்பக் கூடாது, ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. எங்கள் ஆட்களில் இது தெரியாதவர்கள் இல்லை. என் வீட்டிலும் என் மனைவி இதைப் பார்த்தாள். ஆனால் ராமையாவின் பயத்துக்கு வேறு காரணமும் இருந்தது. அதைப் பாக்கியம்தான் உள்ளேயிருந்து வந்து சொன்னாள்.

"மொத புள்ள, பலாங்கொடைத் தோட்டத்துலேருந்து இங்க குடி மாறி வந்தப்ப வயித்துலயே போச்சுங்க. ரெண்டாவது உண்டானப்ப இவரு வெளக்கு வைக்கணும்னு இந்தச் சுவத்துல மாடம் தோண்டுனாரு. அதுவும் போச்சு. அதனால நான் குடியும் மாற மாட்டேன், சுவத்தத் தொடவும் விட மாட்டேன்."

அவள் சொல்லும்போது ராமையா தலையைக் குனிந்துகொண்டார். அந்த மாடத்தைப் பார்த்தேன். களிமண் வைத்து அடைத்திருந்தது. மண்ணின் நிறம் மட்டும் மாறித் தெரிந்தது. ஊர் முழுக்க அவரைத்தான் குறை சொன்னதாம். ஊர் சொல்லாவிட்டாலும் அவரே தன்னைச் சொல்லிக்கொள்கிறவர். ஆசைப்பட்டு ஒரு விளக்கு மாடம் தோண்டியதற்கு இத்தனை தண்டனையா என்று எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

ஆக, சுவரை விட்டுவைத்தால் மழையில் அது அவள் தலைமேல் கூரையை இறக்கும். தொட்டால், பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், தொட்ட கையைத்தான் சொல்வாள். வேறு இடத்துக்கும் போக மாட்டாள். போதாக்குறைக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒரே கூரையின் கீழ் இத்தனை குடும்பம் இருக்கிற லயத்தில் எப்போதும் யாராவது ஒருத்தி உண்டாகியிருப்பாள். அத்தனையும் ஒரே வீடு என்றால் உலகம் உள்ளவரை அந்த லயத்தில் ஒரு கல்லைப் பெயர்க்க முடியாது.

வேலைக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். முதலாமவர் அவிசாவளைப் பக்கத்துக் கொந்தரப்புக்காரர். கோட்டுப் போட்டு, குடை பிடிக்க ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பேச்சில் தேன் ஒழுகும். பாக்கியத்தின் விஷயத்தைச் சொல்லி, என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அதுக்கென்னங்க, அவங்க மனசு நோகாம செஞ்சிரலாம்" என்றார். ஒரு வாரம் விட்டு மறுபடியும் கேட்டேன். குரலைத் தாழ்த்தி, "காலைல எல்லாரும் மலைக்கு வேலைக்குப் போயிருவாங்கல்ல. திரும்பி வர்றதுக்குள்ள சுவரு கீழ கெடக்கும். விழுந்திருச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றார். வேலை தெரிந்த மனிதர், அதில் குறை சொல்ல மாட்டேன். அவர் கட்டிய வீடுகளின் பின்பக்கமும் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஆளை அன்றே கழித்துவிட்டேன்.

இரண்டாமவர் பக்கத்துக் கிராமத்துச் சிங்களத் தச்சர்; பாஸ் என்று கூப்பிடுவோம். மரவேலையில் அவருக்கு நிகர் அந்த வட்டாரத்தில் இல்லை. எதைக் கேட்டாலும் நிதானமாக வெற்றிலையை மென்றுகொண்டு "பலமு, பலமு" என்பார். பார்ப்போம், பார்ப்போம் என்று அர்த்தம். எங்கள் பேச்சு முழுக்கச் சிங்களத்தில்தான். ஒரு வாரம் விட்டுக் கேட்டபோதும் "பலமு" என்றே சொன்னார். துரையின் முறைப்படி பார்த்தால் பதில் மாறவில்லை; ஆனால் பதிலே இல்லையே.

மூன்றாமவர், முஸ்லிம் பெரியவர் காசிம் நானா. யட்டியாந்தோட்டைக் கடைத்தெருக்காரர். கடைகளும் வீடுகளும் கட்டுகிறவர், இரண்டொரு தோட்டங்களில் லயமும் கட்டியிருந்தார். குட்டையான ஆள், அவசரமே இல்லாத நடை. அவருடைய சுண்ணாம்புக் குழியைப் போய்ப் பார்த்தேன். கம்பை விட்டுக் கிளறினால் தயிர் போல வந்தது. அவசரத்துக்கு நீற்றிய சுண்ணாம்பு அப்படி வராது. அவரைப் பணிய லயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மற்ற இருவரும் சுவரைப் பார்த்தார்கள். இவர் இஸ்தோப்பில் காய்ந்த துணிகளைப் பார்த்தார், அடுப்புகளைப் பார்த்தார். நான் விஷயத்தைத் தொடங்கும் முன்னாலேயே, "லயத்துல புள்ளத்தாச்சி யாரும் ஈக்கிறாங்களா?" என்று கேட்டார்.

எனக்கு அப்போதே பாதி முடிவாகிவிட்டது. இருந்தாலும் என்ன செய்வீர்கள் என்று அன்றும் கேட்டேன், ஒரு வாரம் காத்திருந்து மறுபடியும் கேட்டேன். போன வாரம் சொன்னதையே சொன்னார்: "அந்தப் புள்ளக்கிட்டக் கேக்காம நான் ஒண்டும் சொல்ல ஏலாது."

ஞாயிற்றுக்கிழமை, ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியடியில் பெண்கள் எல்லாரும் தண்ணீருக்கும் துணி துவைக்கவும் வந்திருந்தபோது நானா அங்கே போனார். கொஞ்சம் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு, பொதுவாக ஒரு கேள்வி கேட்டார். இந்த லயம் ஒரு வீடா, பல வீடா? பெண்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. கூரை ஒன்று என்றால் வீடும் ஒன்று என்றார்கள் சிலர். அப்படியென்றால் போன வருஷம் உன் மாமன் கதவு மாற்றினானே, அப்போது நான் முழுகாமல்தானே இருந்தேன் என்று ஒருத்தி கேட்டாள். கடைசியில் அங்கம்மா என்ற மூத்த பால்வெட்டுக்காரி துணியைப் பிழிந்துகொண்டே முடித்துவைத்தாள்.

"அடுப்பு வேறன்னா வீடு வேற. சாவுத் தீட்டுக்கு அப்படித்தானே பாக்குறோம். இதுக்கு மட்டும் என்ன?"

அந்தக் கணக்குப்படி மற்றக் காம்பராக்கள் வேறு வீடுகள். மறுகோடியிலிருந்து வேலையைத் தொடங்க வழி பிறந்தது. பாக்கியத்தின் காம்பரா மட்டும் மிஞ்சியது.

நானா அவளிடம் போய் நின்றதும் ராமையாவும் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.

"தங்கச்சி, ஒங்கட சுவத்தை நான் தொடல்ல. ஆணி அடிக்கல்ல. வெளியால, கூரை நீட்டிக்கிட்டு ஈக்குதே, அதுக்குக் கீழ தூண் நட்டு, மரத்தைக் கயித்தால கட்டி, பாரத்தை அதுல எறக்கிறேன். பொறகு தள்ளி ஒரு சுவரு எழுப்புறேன். ஒங்கட சுவரு அப்படியே நிக்கும். புள்ள பொறந்து, தீட்டெல்லாம் கழிஞ்சு, நீங்க சொல்ற நாளைக்கு உள்ள ஈக்கிற சுவத்தை எடுப்பம். சம்மதமா?"

பாக்கியம் வெளியே வந்து அந்தச் சுவரைச் சுற்றிப் பார்த்தாள்.

"உங்க சுவரு எங்க சுவத்துல ஒட்டக்கூடாதுங்க. சாந்துகூட ஒட்டக்கூடாது."

"ஒட்டாது. எவ்வளவு இடம் வேணும்?"

அவள் தன் கையை நீட்டிக் காட்டினாள். "என் கை போகணும்."

நான் இதைத் துரையிடம் சொன்னபோது, "ஏன் ரெண்டு சுவர்?" என்று கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், முதல் இரண்டு பிள்ளைகளையும் அந்த மாடத்தையும்கூட. தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். மறுநாள் அதே படியில், "ஏன் ரெண்டு சுவர்?" என்றார். அதையே சொன்னேன். தொப்பி தலைக்கு ஏறியது.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்படியொரு வேலையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தூண் வேலைக்கு நானா "பலமு" பாஸையே தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார். அவர் பலாமரத் தூண்களை வெளியே நீட்டிய கூரை மரங்களின் கீழ் நிறுத்தி, கித்துள் நார்க் கயிற்றால் சுற்றிக் கட்டினார். தூணின் அடியில் இரண்டு ஆப்புகளை எதிரெதிராக வைத்து, சுத்தியலால் அடிக்காமல், நெம்புமரத்தால் மெல்லத் தள்ளி இறுக்கினார். தூண் ஒரு மயிரிழை உயர்ந்தது. கூரை மரம் பழைய சுவரைவிட்டு எழுந்தபோது இடையில் வெளிச்சம் தெரிந்தது. பாஸ் வெற்றிலையைத் துப்பிவிட்டு முதல் தடவையாக "ஹரி" என்றார். சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

பிறகு சுவர். முதலில் அதன் அடியில் கான் வெட்டித் தண்ணீருக்கு வழி பண்ணினார்கள். கல் வரிசை ஏற ஏறச் சாந்து இடைவெளியில் விழத்தான் செய்யும். எந்தக் கொத்தனாராலும் அதைத் தடுக்க முடியாது. நானா அந்த இடைவெளியின் அகலத்துக்கு ஒரு நீளப் பலகையைச் சீவி, இரு முனையிலும் கயிறு கட்டி உள்ளே இறக்கி வைத்தார். விழும் சாந்து பலகையில் விழும். இரண்டு வரிசை ஏறியதும் பலகையைக் கயிற்றால் தூக்கி, வழித்துவிட்டு, மறுபடியும் வைப்பார்கள். கொத்தனார்களுக்கு எரிச்சல். சுவர் கட்டுவதைவிடப் பலகை தூக்குவதுதான் பெரிய வேலையாக இருக்கிறது என்று முணுமுணுத்தார்கள். நானா அதைக் காதில் வாங்கவேயில்லை.

ஒவ்வொரு நாள் காலையும் பேர் பதியும் பிரட்டுக்குப் போவதற்கு முன் பாக்கியம் இஸ்தோப்புப் பக்கம் நின்று இடைவெளிக்குள் கையை விட்டுப் பார்ப்பாள். சுவர் உயர்ந்த பிறகு உள்ளே நடுவரை கை எட்டவில்லை. நானா ஒரு மூங்கில் தப்பையைச் சீவிக் கொடுத்தார். அவள் முன்பக்கத்திலிருந்து தப்பையை உள்ளே விடுவாள். பின்பக்கம் ராமையா நின்று அதன் நுனியைப் பிடித்து இழுத்து எடுப்பார். எங்கும் தட்டாமல் போய்ச் சேர்ந்தால், "வந்திருச்சு" என்று குரல் கொடுப்பார். பிறகுதான் இருவரும் மலைக்குப் போவார்கள். பார்க்கிறவர்களுக்கு அது விளையாட்டு மாதிரிகூட இருக்கும். சில நாள் அவர்களும் சிரித்துக்கொண்டே செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

மழை பிடிப்பதற்கு முன் சுவர் கூரையைத் தொட்டது. வழக்கம் போல வைகாசி மழை கொட்டித் தீர்த்தது. பால் வெட்டு நின்றது. தினமும் நான் குடையோடு போய்ப் பார்ப்பேன். புதுக் கானில் தண்ணீர் ஓடியது, பழைய சுவர் அசையாமல் நின்றது. எங்கள் வேலை தேறிவிட்டது.

பிள்ளை தேறவில்லை.

வலி கண்டு, மருத்துவச்சியும் தோட்டத்து டிஸ்பென்சரும் பார்த்தும், ஆண் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. செய்தி ஸ்டோருக்கு வந்தபோது நான் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முதலில் வந்தது துக்கம் என்று சொன்னால் அது பொய். பயம்தான் வந்தது. அந்தச் சுவரைச் சொல்வார்களே என்று பயந்தேன். பயந்தபடியே லயத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. வெளியே ஒரு சுவர் எழும்பியதே, அதுதான் என்றார்கள் சிலர். ராமையா ஏன் சம்மதித்தார் என்றார்கள் வேறு சிலர். ராமையா இஸ்தோப்பின் மூலையில், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் நானாவுக்குச் சொல்லியனுப்பவில்லை. எப்படியோ கேள்விப்பட்டு, கடைத்தெருவிலிருந்து மழையில் நடந்தே மேலே வந்துவிட்டார். ஆளை அனுப்பியிருக்கலாம்; கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வராமலே இருந்திருக்கலாம். பாக்கியம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் சுற்று வட்டாரத்தில் எந்த லயமும் அவரை உள்ளே விடாது. அது அவருக்கும் தெரியும். குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு, கடைசிக் காம்பராவின் முன்னால் நனைந்தபடி நின்றார். வெகுநேரம் நின்றுவிட்டு இறங்கிப் போனார். மறுநாளும் வந்து அதே இடத்தில் நின்றார். அதற்கடுத்த நாளும் வந்தார்.

"ஏன் நானா, வீட்டுல இருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"ஏசுறதுக்கு அந்தப் புள்ளக்கு ஒரு ஆள் வேணுமே, கணக்கப்புள்ள. ராமையாவை ஏசுறதை விட என்னை ஏசட்டும்" என்றார்.

சில நாள் கழித்து மழை சற்று ஓய்ந்த ஒரு காலையில் பாக்கியம் எழுந்து வெளியே வந்தாள். அங்கம்மா தாங்கிப் பிடித்திருந்தாள். லயமே வாசலுக்கு வந்துவிட்டது. அன்றும் வந்திருந்த நானா தலையில் இருந்த துணியை எடுத்துவிட்டு நின்றார். பாக்கியம் அவரைப் பார்த்தாள். இறவாரத்தில் செருகி வைத்திருந்த மூங்கில் தப்பையை எடுத்தாள்.

"நீங்க பின்னுக்குப் போங்க" என்றாள் ராமையாவிடம்.

"வேணாம் பாக்கியம்."

"போங்கன்னு சொல்றேன்ல."

அவர் எழுந்து பின்பக்கம் போனார். அவள் தப்பையை இரு சுவர்களுக்கும் நடுவில் விட்டு மெல்லத் தள்ளினாள். எங்கும் தட்டவில்லை. முழுக்க உள்ளே போனது. பின்பக்கத்திலிருந்து குரல் வரவில்லை.

"வந்திருச்சா?" என்று கேட்டாள்.

"வந்திருச்சு" என்றார் ராமையா.

பாக்கியம் அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, உள்ளே பார்த்துப் பேசினாள். ராமையாவுக்கு மட்டும் கேட்கும்படிதான் சொன்னாள். ஆனால் அந்த அமைதியில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"இந்தத் தடவ யாரும் சுவத்தத் தொடல. நாந்தான் தெனமும் பாத்தேனே. தொடாமயும் போயிருச்சுல்லங்க. அப்ப அன்னைக்குப் போனதும் நீங்க தோண்டுன மாடத்தால இல்ல."

மறுபக்கத்திலிருந்து ராமையா அழும் சத்தம் கேட்டது. அத்தனை காலம் அந்த மனிதர் அழுது யாரும் பார்த்ததில்லையாம். பெண்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குள் போய்விட்டார்கள். நானா துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, என்னிடம்கூடச் சொல்லாமல் இறங்கிப் போனார். எனக்கும் கண் கலங்கிவிட்டது என்பதை எழுதுவதில் வெட்கமில்லை.

தீட்டு கழிந்த பிறகு, பாக்கியம் சொன்ன நாளில் பழைய சுவரை எடுத்தார்கள். முதல் அடியை அலவாங்கால் ராமையா போட்டார். பழைய சுவரின் தடிமனும் இடைவெளியும் சேர்ந்து, காம்பரா ஒன்றரை முழம் நீண்டது. புதுச் சுவருக்கு உள்ளே சாந்து பூச நானா வந்தபோது பாக்கியம் அவரை நிறுத்தினாள்.

"நானா, பூசுறதுக்கு முன்னால ஒரு வெளக்கு மாடத்துக்கு எடம் விடுங்க. நீங்க வைக்க வேணாம். இவரு தோண்டட்டும்."

நானா உளியையும் சுத்தியலையும் ராமையாவிடம் கொடுத்துவிட்டு, வெளியே வந்து என்னோடு உட்கார்ந்துகொண்டார். உள்ளே உளிச்சத்தம் வெகுநேரம் கேட்டது. பழக்கமில்லாத கை; மாடம் கோணலாகத்தான் வந்தது. கொத்தனார் ஒருவர் சரிசெய்யப் போனபோது நானா கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். பிற்பாடு அவர்களுக்கு ஒரு பெண் பிறந்து வளர்ந்து, இப்போது அவளும் பால் வெட்டுகிறாள். காசிம் நானா காலமாகிவிட்டார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் போன இளைஞர் போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வந்தார். புதுப் பிளானில் எல்லாக் காம்பராவும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொல்கிறார்களாம். பாக்கியத்திடமே போய்க் கேட்டிருக்கிறார், இந்தச் சுவரைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டினால் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று. இந்த வரைக்கும் கேட்கத் தெரிந்ததே பெரிசு.

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?" என்றேன்.

"மாடத்துல வெளக்கேத்திக்கிட்டு இருந்தாங்க ஐயா. திரும்பிக்கூடப் பாக்கல. 'மத்த சுவரெல்லாம் சும்மா கட்டுனது தம்பி. இது எங்களக் கேட்டுக் கட்டுனது'ன்னாங்க."